பிஸ்கட் டப்பாவில் ஏழு நாள்

ஈஸ்ட் கார்பின், வெர்மான்ட்
ஜனவரி 6, செவ்வாய்

வாரன்,

உன் போன் காய்ந்துவிட்டதா? அது இன்னும் குழம்பு வாசனை அடிப்பதாக இனெஸ் புத்தாண்டு வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தாள். புருஷன் பேசாவிட்டாலும் பெண்டாட்டி அட்டை போடுகிறாள், அதுவரைக்கும் சந்தோஷம்.

இது மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துவிடாதே. நவம்பரில் நன்றித் திருநாள் விருந்தில், வெட்டி வைத்த வான்கோழி ஆறிக்கொண்டிருக்க, பதினேழாவது செய்தியை நீ உரக்க வாசித்தாய். அந்தப் போனைப் பிடுங்கிக் குழம்புக் கிண்ணத்தில் போட்டது நான்தான். இன்னொரு முறை வாசித்தால் இன்னொரு முறை போடுவேன். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "உன்ன மாதிரி கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்களாலதான் நாடு இந்த லட்சணத்துல இருக்கு" என்றாய். அறுபத்தெட்டு வயதில் ஒரு தேர்தலைக்கூடத் தவறவிடாதவளைப் பார்த்து, அவளைவிட ஐந்து வயது சின்ன தம்பி சொல்கிற பேச்சா அது? இதில் பெரிய வெட்கக்கேடு, நாம் இருவரும் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறோம். எதிர்க்கட்சிக்காரனோடு சண்டை போட்டிருந்தாலாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம்.

டிசம்பர் முதல் தேதியிலிருந்து நான் செய்தி பார்ப்பதில்லை. ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார். இந்த வயதில் யாருக்குத்தான் இல்லை, அதை விடு. டிவியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் போர்வை போர்த்திவிட்டேன். ரேடியோவை லைலுக்குக் கொடுத்துவிட்டேன். நான் ஓய்வுபெற்ற பிறகு தபால் நிலையத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானே, அந்த லைல்தான். தொலைபேசி மணியையும் அணைத்துவிட்டேன். நான் யாரையும் கூப்பிடலாம், என்னை யாரும் கூப்பிட முடியாது. இவ்வளவு நல்ல கருவியாக அது இதற்கு முன் இருந்ததே இல்லை.

முதல் இரண்டு வாரம், பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவது போலக் கை எதையோ தேடிக்கொண்டே இருந்தது. இப்போது அது போய் ஓர் ஆவல் வந்திருக்கிறது. இன்றோடு எல்லாம் முடிந்தது என்று தினமும் சொல்வார்களே, அந்தச் செய்திகளெல்லாம் பன்னிரண்டு நாள் கழித்து என்ன ஆகின்றன? பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. உனக்கோ செய்தியை யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது. ஆகவே எனக்குக் கடிதம் எழுது. கடிதத்துக்கு ஒரு செய்தி, ஒன்றே ஒன்று. டூசானிலிருந்து இங்கே வர ஐந்து நாள் ஆகும். வந்ததும் திறக்க மாட்டேன். சமையலறையில் இருக்கும் நீலப் பிஸ்கட் டப்பாவில் ஏழு நாள் ஆறப் போட்டுவிட்டுத்தான் திறப்பேன். அப்போதும் அது செய்தியாக இருந்தால் செய்தி என்று ஒப்புக்கொள்கிறேன்.

உறையின் மேல் 'அவசரம்' என்று எழுதினால் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவேன். முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், அப்படி எழுதியிருந்த எதுவும் அவசரமாக இருந்ததில்லை.

மார்ஜரி


டூசான், அரிசோனா
ஜனவரி 13

மார்ஜ்,

போன் காய்ந்துவிட்டது. ஆனால் சத்தத்தைக் கூட்டினால் கொரகொரவென்கிறது. கடைக்காரன் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன சார், வெங்காயமா?" என்று கேட்டான்.

நான் வாசலில் சொன்னது தப்புதான். ஆனால் முழுத் தப்பு இல்லை. எல்லாரும் டிவிக்குப் போர்வை போர்த்திவிட்டால் யார்தான் பார்ப்பது? காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நாடு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் காபி. கூடத்தில் ஒரு டிவி, சமையலறையில் ஒன்று, கையில் போன். போன வாரம் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லில் விரிசல் விழுந்திருப்பதைக் காட்டி, தூக்கத்தில் எதைக் கடிக்கிறீர்கள் என்று கேட்டார். இனெஸ் என்னை முந்திக்கொண்டு, "செனட்ட" என்றாள்.

முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டினேன் அல்லவா, அவளுக்கு அதுவே ஆயுதம். "ஸ்டியரிங் இல்லாத சீட்ல உக்காந்துக்கிட்டு எந்நேரமும் பிரேக்க அழுத்திட்டே இருக்க. வண்டி நிக்காது, உன் காலுதான் வலிக்கும்" என்கிறாள். எனக்கோ அழுத்தாமல் விட்டால் முட்டிவிடுமோ என்று இருக்கிறது.

சரி, உன் விளையாட்டுக்கு வருகிறேன். ஒரே ஒரு செய்தி என்றால் எதை எழுதுவது? நேற்று ஒரு நாளில் என்னைப் பதறவைத்தவற்றை வரிசையாகக் குறித்தேன். நாற்பது வந்தது. அதில் ஒன்றை எடுப்பதற்குள் மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. கடைசியில் இதுதான்: பணம் ஒதுக்கும் மசோதா நிறைவேறாவிட்டால் வரும் வெள்ளிக்கிழமையோடு அரசாங்கத்தையே இழுத்து மூடிவிடுவார்களாம். இரண்டு பக்கமும் விடாப்பிடி. நிபுணர்கள் நான்கு பேர், இந்த முறை நிச்சயம் என்கிறார்கள். இதை நீ பன்னிரண்டு நாள் கழித்துப் படிப்பதை நினைத்தால் எனக்குக் கை அரிக்கிறது.

ரத்த அழுத்தம் எவ்வளவு? எண்ணைச் சொல்.

வாரன்


ஈஸ்ட் கார்பின்
ஜனவரி 25

வாரன்,

எண்ணைச் சொல்ல மாட்டேன். நீ அதையும் நாற்பத்தொன்றாவதாகக் குறித்து வைத்துக்கொள்வாய்.

உன் கடிதத்தை நேற்றுத்தான் திறந்தேன். அரசாங்கம் மூடியதா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. தபால் நிலையத்தில் லைலின் முகத்தைப் பார்த்தேன், எப்போதும் போல ஜாம் ஒட்டியிருந்தது. சாலையில் பனி தள்ளும் வண்டி நேரத்துக்கு வந்தது. கடையில் யாரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மூடியிருந்தால் இதற்குள் யாராவது திட்டியிருப்பார்கள். அதனால் மூடவில்லை, தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். சரியா? உன் நான்கு நிபுணர்களும் இப்போது வேறு எதையோ நிச்சயம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதும் என் ஊகம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஏழு நாளும் நான் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான்காம் நாள் கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வேலையில் இருந்த காலத்தில் ஒருவர் உறையையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. போஸ்ட்கார்டு வேறு கதை. அதை மூடாமல் அனுப்புகிறவர்கள் நான் படிக்க வேண்டும் என்றுதான் அனுப்பினார்கள். முப்பத்தொரு வருடத்தில் இந்த ஊருக்கு வந்த ஒரு கார்டைக்கூட நான் படிக்காமல் விட்டதில்லை.

ஊர்ச் செய்தி ஒன்றும் இல்லை. மலையடிவாரத்தில் வெர்னா டட்டில் வீட்டு முன் அந்தத் தேர்தல் பலகை இன்னும் நிற்கிறது. எதிர்க்கட்சி வேட்பாளரின் பெயர் பாதிவரை பனியில் புதைந்துவிட்டது. மீதிப் பாதியும் புதையுமா என்று தினமும் பார்க்கிறேன். அவளோடு நான் பேசி மூன்று வருடம் ஆகப்போகிறது என்பது உனக்குத் தெரியும்.

இப்போது ஒரு கேள்வி. அந்த நாற்பதில், தாளைப் பார்க்காமல், இன்று உனக்கு எத்தனை ஞாபகம் இருக்கிறது? ஏமாற்றாமல் சொல்.

மார்ஜரி


டூசான்
ஜனவரி 31

மார்ஜ்,

மூன்று. சத்தியமாக மூன்றுதான். மீதி முப்பத்தேழையும் தாளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். 'அவர் அப்படிச் சொன்னார்' என்று ஒரு வரி. எவர், எப்படி? என் கையெழுத்துதான், எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு இதற்காக நான் சாப்பாட்டை விட்டு எழுந்து போனதாக இனெஸ் சொல்கிறாள். அரசாங்கம் மூடவில்லை. நீ சொன்னது போலத் தள்ளித்தான் போட்டார்கள். லைலின் முகத்தைப் பார்த்து நீ கண்டுபிடித்ததை நான் நாற்பது மணி நேரம் டிவி பார்த்துக் கண்டுபிடித்தேன்.

சிரிக்காதே. இந்தக் கடிதத்துக்கான செய்தி சிரிப்பதற்கு இல்லை. இனெஸின் அண்ணன் மகள் ஒரு செடிப் பண்ணையில் கணக்கு எழுதுகிறாள். செவ்வாய்க்கிழமை காலை, குடியேற்றத் துறை ஆட்கள் வந்து அங்கே வேலை செய்த இரண்டு பேரைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. டிவியில் இது வரவில்லை. நான் பார்க்கும் மூன்று திரையிலும் அன்றைக்கு யாரோ யாரையோ திட்டியதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இதை டப்பாவில் ஏழு நாள் போட்டால் ஆறுமா, மார்ஜ்? உன் விளையாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் அது எனக்குக் கசக்கிறது.

இனெஸ் எனக்கு ஒரு புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். கடைசிப் பக்கம் உள்ளதை மட்டும்தான் படிக்க வேண்டுமாம். "போன்ல கடைசிப் பக்கமே கெடையாது. அதான் உன்னால நிறுத்த முடியல. முடியிற ஒண்ண எடுத்துப் படி" என்றாள். வீட்டில் தேடினேன். மிக்ஸி கையேடுதான் கிடைத்தது. பதினாறு பக்கம். முடித்துவிட்டேன், மார்ஜ். என்ன நிம்மதி தெரியுமா?

வாரன்


ஈஸ்ட் கார்பின்
பிப்ரவரி 12

வாரன்,

அது ஆறவில்லை. இன்று காலை திறந்தேன், கை சுட்டது. நீ சொன்னது சரி. அப்படிப்பட்டதை நான் ஏழு நாள் டப்பாவுக்குள் வைத்திருந்தேன் என்று நினைக்க எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் நான் அன்றைக்கே திறந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்றும் யோசிக்கிறேன். வழக்கமாகச் செய்வதைத்தான். கோபப்பட்டு, படபடத்து, இன்னும் பத்துச் செய்தி தேடிப் படித்து, அவர்களை மறந்திருப்பேன்.

அவர்கள் பெயர் என்ன? 'இரண்டு பேர்' என்று எழுதியிருக்கிறாய். கேட்டு எழுது. வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன வேண்டும் என்றும் கேள். எண்ணாக வந்தால் என்னால் எதையும் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. பெயரும் முகவரியும் கொடு. அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.

கடைசிப் பக்கம் உள்ளது வேண்டும் என்றால் இங்கே ஒன்று கிடக்கிறது. மார்ச் மூன்றாம் தேதி, ஊரார் கூடி வரவு செலவுக்கு ஓட்டுப் போடும் ஊர்க் கூட்டம் வருகிறதல்லவா, அதற்கான ஆண்டறிக்கை வந்திருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பனியில் நடந்து வந்த பூட்ஸைக் கழற்றி அதன் மேல்தான் வைக்கிறேன். நல்ல தாள், தண்ணீரை நன்றாகக் குடிக்கிறது. லைல் வீட்டிலும் அப்படித்தானாம். இந்த முறை நான் கூட்டத்துக்குப் போகப்போவதில்லை. நாற்பது வருடத்தில் முதல் முறை. அங்கேயும் இரண்டு மணி நேரம் கத்துவார்கள், போன வருடம் ஒரு மணல் லாரிக்கு அவ்வளவு சண்டை. எனக்கு இப்போது கத்தல் ஆகாது.

நான் நன்றாக இருக்கிறேன். மறுபடி மறுபடி கேட்காதே.

மார்ஜரி


(போஸ்ட்கார்டு. முன்பக்கம்: கிறிஸ்துமஸ் தொப்பி போட்ட கள்ளிச் செடி.)

பிப்ரவரி 20

மார்ஜ், பூட்ஸைத் தூக்கு. ஆண்டறிக்கை, பக்கம் 43, தீர்மானம் 11. ஊர் ஆம்புலன்ஸை நிறுத்துவதா என்று ஓட்டு. கூட்டம் மார்ச் 3. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. வாரன்.

லைல், எப்படியும் படிப்பாய். நீயும் உன் பூட்ஸைத் தூக்கு.


டூசான்
பிப்ரவரி 20

மார்ஜ்,

இதை நீ மார்ச் நான்காம் தேதி திறப்பாய். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். ஐந்து நாள் தபால், ஏழு நாள் டப்பா. கூட்டம் முடிந்த மறுநாள். அதனால்தான் கார்டு தனியாகப் போகிறது. உறையை நீ அடக்கி வைப்பாய், கார்டைப் படிக்காமல் இருக்க உன்னால் முடியாது. லைலாலும் முடியாது என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்ததும் ஊரின் இணையப் பக்கத்துக்குப் போய் ஆண்டறிக்கையை எடுத்தேன். கடைசிப் பக்கம் இருக்கிறதே என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. மூன்று நாளாக டிவியைப் போடவில்லை, தெரியுமா? நாய் உரிமப் பட்டியலை முழுக்கப் படித்தேன். நம் ஊரில் 'பிஸ்கட்' என்று ஆறு நாய்கள் இருக்கின்றன. மயானக் கமிட்டியின் புல்வெட்டி திருட்டுப் போனது பற்றி ஒரு முழுப் பக்கம். கூடத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். என்ன ஆயிற்றோ என்று இனெஸ் ஓடி வந்தாள்.

பக்கம் 43 உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆம்புலன்ஸ் தொண்டர் படையில் ஆள் குறைந்து ஐந்து பேர்தான் மிச்சம் என்பதால் அதைக் கலைத்துவிட்டு மில்பரி நகரத்து வண்டியை நம்பலாம் என்கிறார்கள். மில்பரியிலிருந்து நம் ஊருக்கு முப்பத்தெட்டு நிமிடம், பனி இல்லாத நாளில். அதைப் படித்ததும், படை எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பார்க்க ஆசை வந்தது. பக்கம் 88. போன வருடம் வண்டி போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. பெயர் கிடையாது. தேதி, சாலை, ஆணா பெண்ணா, வயது, நிமிடம்.

நவம்பர் 29. பட்டர்நட் மலைச் சாலை. பெண், 68. பதினொரு நிமிடம்.

அந்தச் சாலையில் இரண்டே வீடு. ஒன்றில் இருப்பவர்கள் அக்டோபரிலேயே புளோரிடா போய்விடுவார்கள்.

நான் வாசலில் கத்திவிட்டுப் போய் இரண்டே நாள், மார்ஜ். நாட்டில் நடப்பது அத்தனையும் எனக்குத் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டேன். யார் யாரைத் திட்டினார்கள், எந்த நீதிபதி எதை நிறுத்தினார், எல்லாம் தெரியும். என் அக்காவைத் தூக்கிக்கொண்டு போனது மூன்று மாதம் கழித்து எண்பத்தெட்டாம் பக்கத்தில் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்?

பதினான்கு தடவை உனக்குப் போன் செய்தேன். நீ மணியை அணைத்திருக்கிறாய், என் காதில் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. விமானத்துக்குப் பார்த்தேன். இனெஸ் திரையின் மேல் கையை வைத்து மறைத்துவிட்டாள். "இப்ப போனா உன் பதட்டத்த அவ மேலதான் கொட்டுவ. அவ எதுக்கு மணிய அணைச்சா? இதுக்குத்தான்" என்றாள். கார்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். கூட்டத்துக்குப் போனாயா, போகவில்லையா என்றும் கேட்க மாட்டேன்.

கேட்ட பெயர்கள்: எலியாசர், ரமிரோ. ரமிரோ திரும்பி வந்துவிட்டார். எலியாசர் இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் மனைவியை நான் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். ஓட்டத் தெரிந்தவனுக்கு வேறு என்ன வேலை? போகும்போது ரேடியோ போடுவதில்லை. அந்த அம்மா ரேடியோவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவர்களின் முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மார்ஜ். இந்த முறை நாட்டைப் பற்றி இல்லை.

வாரன்


ஈஸ்ட் கார்பின்
மார்ச் 3, ஊர்க் கூட்ட நாள், மாலை

வாரன்,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கார்டு புதன்கிழமை வந்தது. நான் தபால் நிலையத்துக்குள் நுழையும்போதே லைல் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற ஏழு பேருக்கு உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். கள்ளிச் செடியையும் திருப்பிக் காட்டினான். அந்த ஏழு பேர் வீட்டிலும் அறிக்கை பூட்ஸுக்கு அடியில்தான் கிடந்திருக்கிறது. மறுநாள் கடையில் எல்லார் கையிலும் சேறு படிந்த அறிக்கை. பக்கம் 43 எனக்கு ஈரத்தில் 44-உடன் ஒட்டிப்போயிருந்தது. அடுப்பின் மேல் காட்டிப் பிரித்து, அங்கிருந்து எண்பத்தெட்டாம் பக்கம் வரை படித்தேன்.

வழக்கமாகக் கூட்டத்துக்கு எண்பது பேர் வருவார்கள். இன்று பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. நான் கதவுக்குப் பக்கத்தில், தேவைப்பட்டால் எழுந்து போய்விடலாம் என்று உட்கார்ந்தேன். பத்துத் தீர்மானம் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. மணல் லாரி மறுபடியும் வந்தது. மறுபடியும் சண்டை. நான் பின்னல் ஊசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று வந்ததும் ஊர் நிர்வாகக் குழுவில் ஒருவர் எழுந்து நியாயமாகத்தான் பேசினார். ஐந்து பேரை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. போன வருடம் முழுக்க இருபத்தாறு தடவைதான் போயிருக்கிறார்கள். இருபத்தாறு தடவைக்காக ஒரு படையா என்றார். யாரும் கத்தவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். பின்னால், காபி பாத்திரத்துக்குப் பக்கத்தில் படைக்காரர்கள் ஐந்து பேரும் நின்றார்கள். தங்களுக்காகத் தாங்களே பேசக் கூச்சம். அதில் ஒருத்தி வெர்னா டட்டில்.

உனக்கு இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு என்னைத் தூக்கியவள் அவள்தான். சனிக்கிழமை காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், இடது கை என் கையாக இல்லாமல் போயிற்று. தரையில் உட்கார்ந்தபடி போன் செய்தேன். பதினொரு நிமிடத்தில் வந்தாள். வண்டிக்குள் ரேடியோவில் செய்தி ஓடியது, வழக்கமான கூச்சல். எனக்கு மேலே ஒரு கருவியில் ரத்த அழுத்த எண் தெரிந்தது. செய்தி வாசிக்க வாசிக்க அந்த எண் ஏறுவதை வெர்னாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் கை நீட்டி ரேடியோவை அணைத்தாள். எண் இறங்கியது. அவள் கட்சிக்கும் என் கட்சிக்கும் அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. மூளையில் சின்ன அடைப்புதான், கை திரும்பிவிட்டது. ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் திரும்பியிருக்காது என்று டாக்டர் சொன்னார். பிஸ்கட் டப்பா பிறந்தது அந்த வண்டியில்தான்.

இருபத்தாறு என்று அவர் சொன்னபோது எனக்கு எலியாசர் வீட்டார் ஞாபகம் வந்தது. அப்போது பெயர்கூடத் தெரியாது. 'இரண்டு பேர்' என்று நீ எழுதியதற்கு நான் உன்னிடம் கோபித்தேனே. எழுந்து நின்றேன். தலைவர், "மார்ஜரி, பேசுங்க" என்றார்.

"பக்கம் எண்பத்தெட்ட எடுங்க. நவம்பர் இருபத்தொன்பது, பட்டர்நட் மலை ரோடு, பொம்பள, அறுபத்தெட்டு, பதினொரு நிமிஷம். அது நாந்தான். இருபத்தாறுல ஒண்ணு நான். மத்தவங்களும் இந்த ரூம்லதான இருக்கீங்க?"

அவ்வளவுதான் பேசினேன். உட்கார்ந்துவிட்டேன். பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு ஆள் எழுந்து, "ஜூலை நாலு" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மே பதினெட்டு. இவன்தான்" என்றாள். பதினான்கு பேர் எழுந்தார்கள், வாரன். ஒவ்வொருவரும் தேதியை மட்டும் சொன்னார்கள். அறிக்கையின் இன்னும் எட்டு வரிகளுக்கு வீட்டார் எழுந்தார்கள், அவர்கள் சொன்ன ஆட்கள் இப்போது இல்லை.

குரல் ஓட்டில் எது பெரிது என்று தலைவருக்குப் பிடிபடவில்லை. ஏழு பேர் கை தூக்கிச் சீட்டு ஓட்டுக் கேட்டோம். நிறுத்தலாம் என்று நூற்றாறு. வேண்டாம் என்று நூற்றுப் பன்னிரண்டு. ஆறு சீட்டில் தப்பியது. லைல் படையில் பெயர் கொடுத்திருக்கிறான். அவன் வண்டி ஓட்டுவதை நினைத்தால் எனக்கு நோய் வரவே பயமாக இருக்கிறது. யார் எந்த நாள் பணி என்ற அட்டவணையை நான் போடுவதாக ஒப்புக்கொண்டேன். எல்லாரும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கும். அதனால் வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி மணியைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

வெர்னா ஒரு தட்டில் மேப்பிள் பாகு இனிப்புத் துண்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பலகையைப் பற்றிப் பேசவில்லை. அது இன்னும் நிற்கிறது, பனி வேறு உருகிப் பெயர் முழுசாகத் தெரிகிறது. பாதி இனிப்பைத் தின்ற பிறகு, "அன்னிக்கி உன் கால்ல ஒரு சாக்ஸ்தான் இருந்துச்சு, மார்ஜ். இன்னொண்ணு வண்டியிலயே கெடந்துச்சு. தொவைச்சு வெச்சிருக்கேன்" என்று கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூன்று மாதம் வைத்திருந்திருக்கிறாள்.

சாக்ஸை மேசையில் வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன். இன்று ஆறாம் நாள். என் சட்டத்தை நானே மீறினேன். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, இனி உனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே உன் கடிதத்தைப் பிரித்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கார்டில் ஒரு எழுத்து எழுதவில்லை. மூச்சுக்கு ஒரு செய்தி சொல்கிறவன், இதை மட்டும் எனக்கென்று விட்டு வைத்திருந்தாய். நான் மேசையில் தலையைச் சாய்த்து அழுதேன்.

டப்பா இருக்கும். நாட்டுச் செய்தி அதற்குள்தான் போகும். எலியாசர் மனைவிக்கு நாளையே எழுதுகிறேன். அவள் பதில் டப்பாவுக்குப் போகாது.

இந்தக் கடிதத்தை ஒட்டி முடித்ததும் உனக்குப் போன் செய்யப்போகிறேன். இது உன் கையில் கிடைப்பதற்குள் நாம் பேசி முடித்து ஐந்து நாள் ஆகியிருக்கும். ஓட்டு எண்ணிக்கை, லைல், வெர்னாவின் இனிப்பு எல்லாம் அதில் உனக்குத் தெரிந்துவிடும். பிறகு எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பேசும்போது உனக்குத் தெரியுமே, வெயில் எப்படி, பல் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். ஒன்று மட்டும் எனக்கு வாயால் வராது, அதை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டுத் திரும்ப என்னிடம் சொல்லாதே. அன்றைக்கு அந்த வண்டியில் படுத்திருந்தபோது, நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து பதினெட்டாவது செய்தியை வாசிக்க மாட்டாயா என்று இருந்தது.

மார்ஜ்